ஒரே நீர்ப்புக் கரைசல் காளை விந்துக்கு ஒத்துவருகிறது, வெள்ளாட்டு விந்துக்கு ஒத்துவரவில்லை: காரணம் என்ன?

கேள்வி: பொலிகிடா

வணக்கம். காளை விந்தையும் வெள்ளாட்டுக் கிடாவின் விந்தையும் உறைய வைக்காமல், 5 டிகிரி செல்சியஸில் திரவ நிலையிலேயே சில நாட்கள் வைத்திருந்து கருவூட்டலுக்குப் பயன்படுத்தும் பணியில் இருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே நீர்ப்புக் கரைசலைத்தான், அதாவது விந்தை நீர்த்துக் காக்கும் கரைசலைத்தான், தயாரிக்கிறோம். லிட்டருக்கு டிரிஸ் 24.2 கிராம், சிட்ரிக் அமிலம் 13.4 கிராம், ஃபிரக்டோஸ் 10 கிராம், கோழி முட்டையின் மஞ்சள் கரு 20 சதவீதம், கிளிசரால் 6.4 சதவீதம், அத்துடன் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும். பாடநூல்களில் காணப்படும் வழக்கமான செய்முறை இது. நானாக எதையும் சேர்க்கவில்லை.

காளை விந்து இக்கரைசலில் மூன்றாம் நாளிலும் பயன்படுத்தத்தக்க நிலையில் இருக்கிறது. கிடா விந்தை நீர்த்த உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் காளை விந்தைவிடவும் துடிப்பாகத் தெரிகிறது. ஆனால் மறுநாள் காலையில் பெரும்பாலான அணுக்கள் இருந்த இடத்திலேயே தலையசைத்துக்கொண்டிருக்கின்றன அல்லது அசைவற்றுக் கிடக்கின்றன. குழாயின் அடியில் தயிர் உறைந்தாற்போன்ற திப்பிகளும் சில முறை காணப்பட்டன. குளிர்பெட்டியின் மீது ஐயம் கொண்டேன். அதே பெட்டியில், அதே தட்டில் வைத்த காளை விந்துக்கு ஒன்றும் நேரவில்லை.

பிறகு மஞ்சள் கருவின் அளவை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தேன். கிடா விந்தின் நிலை தெளிவாகவே மேம்பட்டது. அதே குறைந்த அளவைக் காளை விந்துக்குக் கொடுத்தபோது வால் மடங்கிய அணுக்கள் பெருகின. மஞ்சள் கருவுக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பாலைப் பயன்படுத்துமாறு ஒருவர் கூறினார். அதிலும் கிடா விந்து முதல் சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சரிந்தது.

என் ஐயங்கள் இவை. மஞ்சள் கரு விந்தணுவைக் காக்கும் பொருளா, கெடுக்கும் பொருளா? ஒவ்வொரு விலங்குக்கும் கரைசலின் சேர்மானத்தை எந்த அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா?

பதில்: நுண்ணோக்கி

பொலிகிடா அவர்களுக்கு வணக்கம். குற்றம் குளிர்பெட்டியில் இல்லை என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். அது மஞ்சள் கருவில் மட்டுமாகவும் இல்லை. கிடாவின் விந்துப் பிளாஸ்மாவும், அதாவது விந்தில் அணுக்கள் நீங்கலான திரவமும், மஞ்சள் கருவும் ஒன்றுசேரும்போது உண்டாகும் மூன்றாவது பொருள்தான் உங்கள் அணுக்களைக் கொல்கிறது.

முதலில் மஞ்சள் கரு ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம். 1939 இல் பிலிப்ஸ் என்பவர் மஞ்சள் கருவை, அமில காரச் சமநிலையைக் காக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலுடன் கலந்து காளை விந்தைப் பாதுகாத்தார். இரண்டே ஆண்டுகளில் சாலிஸ்பரியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் பாஸ்பேட்டின் இடத்தில் சோடியம் சிட்ரேட்டை வைத்தனர். சிட்ரேட், மஞ்சள் கருவின் கொழுப்புத் துகள்களைக் கலைத்துக் கரைசலைத் தெளிவாக்கியதால் அணுக்களின் அசைவை நுண்ணோக்கியில் பார்ப்பது எளிதாயிற்று. ஒரு சேர்மானம் நிலைபெறுவதற்கு அது அணுவுக்கு நல்லதாக இருப்பது மட்டும் போதாது, பார்க்கிறவர் கண்ணுக்கும் வசதியாக இருக்க வேண்டும் என்பது இத்துறையில் அடிக்கடி நிகழ்ந்திருக்கிறது.

மஞ்சள் கரு எதனிடமிருந்து அணுவைக் காக்கிறது? உடல் வெப்பநிலையில் நெகிழ்ந்து கிடக்கும் விந்தணுச் சவ்வின் கொழுப்புகள், வெப்பம் குறையக் குறைய ஒவ்வொரு வகையாக இறுகத் தொடங்குகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. இறுகிய திட்டும் இறுகாத திட்டும் அருகருகே நிற்கும்போது அவற்றின் எல்லையில் கசிவு ஏற்பட்டு, கால்சியம் உள்ளே நுழைகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. குளிர் அதிர்ச்சி என்று நாம் அழைப்பது இதைத்தான். காளை, செம்மறி, வெள்ளாடு, பன்றி ஆகியவற்றின் அணுக்கள் இதற்கு எளிதில் ஆட்படுபவை. முயலின் அணுக்கள் அவ்வளவாக ஆட்படுவதில்லை. மஞ்சள் கருவின் உலர்பொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருக்கும் அடர்த்தி குறைந்த கொழுப்புப் புரதம், அதாவது எல்.டி.எல்., இந்தக் கசிவைத் தடுக்கிறது.

எப்படித் தடுக்கிறது என்பதற்கு, எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் மான்ட்ரியலில் பணியாற்றிய மஞ்சுநாத்தும் அவர் குழுவினரும் அளித்தது. காளையின் விந்துப் பிளாஸ்மாவில் பி.எஸ்.பி. எனப்படும் புரதக் குடும்பம் ஒன்று உண்டு. இனப்பெருக்கப் பாதையில் அணு முதிர்வதற்கு அது தேவை. அங்கே அது சவ்விலிருந்து கொலஸ்டிராலையும் பாஸ்போலிப்பிடையும் சிறிது சிறிதாக உருவி எடுக்கிறது. ஆனால் குழாயில் நாள்கணக்கில் அப்புரதத்துடன் அணுவைச் சேர்த்து வைத்தால், உருவுதல் நிற்காமல் தொடர்ந்து சவ்வு நலிந்துவிடும். எல்.டி.எல். அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு அணுவிடமிருந்து விலக்கி வைக்கிறது. பாலில் உள்ள கேசீனும் இதே வேலையைச் செய்கிறது. கொழுப்பு நீக்கிய பாலும் மஞ்சள் கருவும் தோற்றத்திலும் சேர்மானத்திலும் இவ்வளவு வேறுபட்டிருந்தும் காளை விந்தை ஒரேபோலக் காப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது வெள்ளாட்டுக்கு வருவோம். கிடாவின் கௌபர் சுரப்பி, அதாவது சிறுநீர்க்குழாய்க் குமிழ்ச் சுரப்பி, விந்தில் ஒரு நொதியைச் சேர்க்கிறது. மஞ்சள் கருவை உறையச் செய்வதால் அதற்கு மஞ்சள் கரு உறைவு நொதி என்றே பெயர் வந்தது. நீங்கள் கண்ட திப்பிகள் அதன் கைவண்ணம். 1957 இல் ராய் இதைப் பற்றி எழுதினார். பிற்பாடு இது பாஸ்போலிப்பேஸ் ஏ வகையைச் சார்ந்தது என அறியப்பட்டது. மஞ்சள் கருவின் லெசித்தினை இது வெட்டிக் கொழுப்பு அமிலமாகவும் லைசோலெசித்தினாகவும் பிரிக்கிறது. லைசோலெசித்தின் சோப்பைப் போன்றது, சவ்வைக் கரைக்கும். மஞ்சள் கரு எவ்வளவு அதிகமோ அவ்வளவு மூலப்பொருளை அந்த நொதிக்கு ஊட்டுகிறோம். காளையிடம் இந்தத் தொல்லை இல்லாததால் 20 சதவீதம் அதற்கு ஏற்றதாக இருக்கிறது.

பாலும் ஏன் கைகொடுக்கவில்லை என்று வியந்திருப்பீர்கள். அதே சுரப்பி, பாலின் எஞ்சிய கொழுப்பைப் பிளந்து ஓலியிக் அமிலம் முதலியவற்றை விடுவிக்கும் வேறொரு லிப்பேஸையும் தருகிறது. கொழுப்பு நீக்கிய பால் என்றாலும் முற்றிலும் நீங்கியதில்லை. சிறிதளவு எஞ்சியிருப்பதே போதும். பாலை 92 முதல் 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குவது வழக்கம். அது பாலிலேயே இருக்கும் லாக்டெனின் என்ற நச்சுப் புரதத்தை அழிப்பதற்காக. விந்திலிருந்து பின்னால் வந்து சேரும் நொதியை அது ஒன்றும் செய்யாது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, பாலை இன்னும் நேரம் கூட்டிச் சூடாக்கிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆக உங்களுக்கு வழிகள் இரண்டு. ஒன்று, விந்தை எடுத்த சில நிமிடங்களிலேயே மஞ்சள் கரு இல்லாத டிரிஸ் கரைசலில் நீர்த்து, மென்மையாக மையவிலக்கி, பிளாஸ்மாவைக் களைந்துவிட்டு, பிறகு மஞ்சள் கருவுள்ள கரைசலில் அணுக்களை மீண்டும் கலப்பது; கழுவுதல் என்பது இதுதான். மற்றொன்று, கழுவாமலே மஞ்சள் கருவை 2 சதவீதத்தை ஒட்டிய அளவுக்குக் குறைப்பது. முதல் வழி முழுமையானது. ஆனால் மையவிலக்கும்போதே ஒரு பகுதி அணுக்களை இழப்போம், சில நசுங்கும், ஒரு பணியாளரின் அரைமணி நேரமும் செலவாகும். இரண்டாம் வழி எளியது. பாதுகாப்பு சற்றுக் குறைவு. சில நாட்களே வைத்திருக்க வேண்டுமாயின் நான் இரண்டாவதையே தேர்வேன். உறைய வைக்க வேண்டுமாயின் கழுவுவேன்.

நொதியின் அளவு கிடாவுக்குக் கிடா மாறுவதோடு பருவத்துக்குப் பருவமும் மாறுகிறது. ஆதலால் ஒரு மாதம் நன்றாக இருந்த செய்முறை மறு மாதம் தவறுவதைக் கண்டு உங்கள் கையையே நொந்துகொள்ளாதீர்கள்.

பதில்: பதினேழு டிகிரி

மேலே எழுதியவர் விலங்கை முன்னிறுத்தினார். அதற்கு இணையாக வெப்பநிலையையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த வெப்பநிலையில் வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் சேர்மானத்தைப் பற்றிப் பேசுவது பயனற்றது.

நான் பன்றி விந்துடன் வேலை செய்கிறேன். பன்றியின் விந்தணுச் சவ்வில் பாஸ்போலிப்பிடை ஒப்பிடுகையில் கொலஸ்டிரால் குறைவு. ஆதலால் 15 டிகிரிக்குக் கீழே இறக்கினாலே சவ்வு தாங்காது. மஞ்சள் கருவைச் சேர்த்து 5 டிகிரிக்குக் கொண்டுபோகப் போராடுவதைவிட, குளிர வைப்பதையே கைவிட்டு 17 டிகிரியில் நிறுத்திக்கொள்வது நடைமுறையாயிற்று. குளிர் அதிர்ச்சியே இல்லாத இடத்தில் மஞ்சள் கருவுக்கு வேலை இல்லை. நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பி.டி.எஸ். கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 37 கிராம், சோடியம் சிட்ரேட் 6 கிராம், இ.டி.டி.ஏ. 1.25 கிராம், சோடியம் பைகார்பனேட் 1.25 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.75 கிராம், அத்துடன் நுண்ணுயிர்க்கொல்லி, அவ்வளவுதான். அதன் பெயரின் விரிவு பெல்ட்ஸ்வில் உறைவு நீக்கு கரைசல் என்பது. 1975 இல் பர்செலும் ஜான்சனும் உறைந்த விந்தை உருக்குவதற்காக அமைத்த கரைசல், பிறகு திரவ விந்தைச் சேமிக்கும் கரைசலாக உலகெங்கும் பரவியது. வேறொரு வேலைக்கு அழைத்து வந்தவர் வீட்டுப் பொறுப்பையே ஏற்றுக்கொண்ட கதை.

ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட தீங்குக்கு மறுமொழி என்று பார்த்தால் இந்தப் பட்டியல் புரியும். குளுக்கோஸ் அணுவுக்கு உணவு. அதைவிட முக்கியமாக, கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தில் பெரும்பகுதியை அது தாங்குகிறது. இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அணு நேரத்துக்கு முன்பே தூண்டப்படுவதைத் தடுக்கிறது. பொட்டாசியம் இருப்பதற்குக் காரணம், வெப்பம் குறைந்தால் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் தளர்ந்து, சோடியம் உள்ளே தங்க, பொட்டாசியம் வெளியேறுவது. வெளியே சிறிது பொட்டாசியம் வைத்தால் அந்த இழப்பு குறையும். பைகார்பனேட்டையும் சிட்ரேட்டையும் தாங்கலுக்காகச் சேர்க்கிறோம். பைகார்பனேட்டின் தாங்கும் திறன் எல்லைக்குட்பட்டது. ஆகவேதான் ஒரு வாரம் வரை வைக்க விரும்புவோர் ஹெப்பஸ் போன்ற வலிமையான தாங்கல் பொருளும் மாட்டு ஆல்புமினும் சேர்ந்த ஆண்ட்ரோஹெப் வகைக் கரைசல்களுக்குச் செல்கிறார்கள். பி.டி.எஸ். கரைசலை மூன்று நாளுக்கு மேல் நான் நம்புவதில்லை.

17 டிகிரிக்கு ஒரு விலை உண்டு. அந்த வெப்பத்தில் பாக்டீரியா வளரும். 5 டிகிரியில் குளிரே செய்யும் காவலை இங்கே நுண்ணுயிர்க்கொல்லியும் சேகரிப்பின் தூய்மையும் செய்ய வேண்டியிருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கப் பழகிய கிருமி ஒன்று சேகரிப்பு அறையில் குடியேறிவிட்டால் கரைசலில் எதை மாற்றியும் பயனில்லை. ஒரு முறை எங்களிடம் மூன்றாம் நாளில் அணுக்கள் ஒன்றோடொன்று தலையொட்டித் திரளத் தொடங்கின. சேர்மானத்தையே மாதக்கணக்கில் ஐயுற்றோம். இறுதியில் காய்ச்சி வடித்த நீரைத் தேக்கி வைக்கும் கலனின் குழாயில் வழவழப்பான படலம் படிந்திருந்தது. கரைசலில் பெரும்பகுதி நீர்தான் என்பதை அன்றுதான் உறைக்கும்படி உணர்ந்தோம்.

குதிரையில் நிலைமை வேறு. கொழுப்பு நீக்கிய பாலும் குளுக்கோஸும் சேர்ந்த கென்னி கரைசலில் 5 டிகிரியில் வைக்கிறார்கள். வெள்ளாட்டைப் பற்றி எனக்குப் பழக்கம் இல்லை; ஆனால் கிடா விந்தை 5 டிகிரிக்கு ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஓரிரு நாளுக்கு மட்டும் தேவைப்பட்டால் 15 டிகிரியையும் சோதித்துப் பாருங்கள்.

பதில்: நுண்ணோக்கி

15 டிகிரி யோசனையை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. நொதியின் வேகம் வெப்பத்தோடு கூடும். மஞ்சள் கருவோ பாலோ இருக்கும் கரைசலில் கழுவாத கிடா விந்தை 15 டிகிரியில் வைத்தால், 5 டிகிரியில் மெதுவாக நடப்பது அங்கே விரைவாக நடக்கும். கழுவிய விந்தானால் அல்லது மஞ்சள் கருவே இல்லாத கரைசலானால் உங்கள் யோசனை பொருந்தும். வெப்பநிலையும் சேர்மானமும் விலங்கும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதற்கு இதுவே சான்று. இந்த வகையில் நாம் இருவரும் ஒன்றையே சொல்கிறோம் போலும்.

பதில்: கன்றுக்கொட்டில்

காளை விந்தில் மஞ்சள் கரு நன்மையே செய்கிறது என்ற எண்ணத்துடன் இந்த இழை முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1940களில் டோசிக்கும் வால்டனும் மஞ்சள் கருவுள்ள கரைசலில் காளை விந்தணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதைக் கண்டனர். மஞ்சள் கருவில் இருக்கும் ஃபினைல்அலனின் போன்ற அரோமாட்டிக் அமினோ அமிலங்களை, அணுவிலுள்ள ஓர் ஆக்சிடேஸ் நொதி சிதைக்கும்போது பெராக்சைடு வெளிப்படுகிறது. இந்த நொதி செயற்படுவது பெரிதும் இறந்த அணுக்களில்; சவ்வு கிழிந்தபின் அதைத் தடுப்பார் இல்லை. அதாவது இறந்தவை இருப்பவற்றைக் கொல்கின்றன. தொடக்கத்திலேயே இறந்த அணுக்கள் மிகுந்த விந்து, எண்ணிக்கையில் போதுமானதாக இருந்தாலும் சேமிப்பில் தாங்காததற்கு இது ஒரு காரணம்.

இதை நேரடியாக எதிர்கொண்டு அமைக்கப்பட்டதுதான் நியூசிலாந்தில் ஷானன் உருவாக்கிய காப்ரோஜென் கரைசல். அங்கே கருவூட்டல் முழுவதும் சில வாரங்களுக்குள் குவிவதால், பெயர்பெற்ற ஒரு காளையின் விந்தை மிகவும் நீர்த்துப் பல பசுக்களுக்குப் பகிர வேண்டிய தேவை இருந்தது. மஞ்சள் கருவை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். பெராக்சைடைச் சிதைக்கக் காட்டலேஸ் நொதியைச் சேர்த்தார்கள். கரைசலில் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றினார்கள். கேப்ரோயிக் அமிலம் சேர்த்தார்கள், பெயரும் அதிலிருந்தே வந்தது. குளிர்பெட்டியே இல்லாமல் 18 முதல் 24 டிகிரியில் சில நாட்கள் விந்து பயன்படத்தக்கதாக இருக்கிறது. உறைவிந்துக் குச்சி ஒன்றில் ஏறத்தாழ 2 கோடி அணுக்களை வைப்பது பரவலான வழக்கம். காப்ரோஜெனில் 10 முதல் 20 லட்சம் அணுக்களே ஓர் அளவுக்குப் போதுமானவையாக இருந்தன. சேர்மானத்தால் ஒரு காளையின் பயன் எத்தனை மடங்கு பெருகக்கூடும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பொலிகிடா அவர்களே, குறைந்த மஞ்சள் கருவில் உங்கள் காளை விந்து கெட்டதும் காப்ரோஜெனில் குறைந்த மஞ்சள் கருவில் நன்றாக இருப்பதும் முரண் அல்ல. நீங்கள் 5 டிகிரிக்கு இறக்கினீர்கள், அவர்கள் இறக்கவில்லை.

பதில்: பொலிகிடா

அனைவருக்கும் நன்றி. நொதியைப் பற்றிய விளக்கம் என் மூன்று மாதக் குழப்பத்தைத் தீர்த்தது. கழுவாமல், மஞ்சள் கருவை 2 சதவீதம், 5 சதவீதம் என இரு அளவுகளில் வைத்தும், கழுவியபின் 20 சதவீதம் வைத்தும் ஒப்பிட எண்ணுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். கிளிசராலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை; அது மூன்று கரைசல்களிலும் இருக்கட்டுமா? அடுத்து, மஞ்சள் கருவின் அளவை மாற்றும்போது பி.எச். மதிப்பைத் திரும்பவும் சரிசெய்ய வேண்டுமா?

பதில்: நுண்ணோக்கி

கிளிசராலை எடுத்துவிடுங்கள். முதல் கேள்வியிலேயே அதைக் கவனித்திருக்க வேண்டும். நொதியைக் கண்டதும் அதன் பின்னாலேயே ஓடிவிட்டேன்.

கிளிசரால் உறைய வைப்பதற்கான பொருள். 1949 இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவல் விந்தில் அதன் காக்கும் ஆற்றலைக் கண்டறிந்தனர். அதன் பின்னர்தான் உறைவிந்துத் தொழில்நுட்பமே பிறந்தது. பனிப்படிகம் உருவாகும்போது வெளியே செறிந்துபோகும் உப்பிடமிருந்து அணுவைக் காப்பது அதன் வேலை. 5 டிகிரியில் பனிப்படிகமே இல்லை. உங்கள் செய்முறை உறைவிந்துக்கானது. திரவ விந்துக்கு அதை அப்படியே எடுத்தாண்டிருக்கிறீர்கள்.

தேவையற்றதாக இருப்பதோடு அது நின்றால் பரவாயில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கன அளவில் 6.4 சதவீதம் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 80 கிராம். அதன் மூலக்கூறு எடை 92. ஆகவே ஒரு மோலுக்குச் சற்றுக் குறைவு. கரைபொருட்செறிவு 300 மில்லியாஸ்மோல் என்ற அளவில் அணுவுக்கு இணக்கமாக இருக்கும் கரைசலை இது 1,000க்கு மேலே கொண்டுபோய்விடுகிறது. கிளிசரால் சவ்வின் ஊடாகப் புகக்கூடியதாதலால் அணு முதலில் சுருங்கி, பிறகு தன்னிலைக்கு மீளும். பெண் விலங்கின் உடலுக்குள் சென்றதும் மறுபடியும் வீங்கிச் சுருங்கும். உறைய வைப்பவர்கள் வேறு வழியின்றி ஏற்றுக்கொள்ளும் துன்பம் அது. பன்றி விந்தை உறைய வைப்பவர்கள் 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் போகத் தயங்குவதும், கிளிசரால் கலந்த சேவல் விந்தைக் கோழிக்குச் செலுத்துமுன் கிளிசராலை நீக்க வேண்டியிருப்பதும் அது ஒரு தீங்கற்ற பொருள் அல்ல என்பதைக் காட்டும். சேவல் அணுக்கள் கிளிசராலில் நன்றாகவே நீந்தும், ஆனால் கோழி கருவுறாது. அசைவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை நான் அறிந்தவரை வேறில்லை.

பி.எச். பற்றி: ஆம், மஞ்சள் கருவைக் கலந்தபின் அளந்து, மூன்று கரைசல்களையும் 6.8 முதல் 7.0 வரையிலான ஒரே மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். மஞ்சள் கரு இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. வெள்ளைக் கருவோ முட்டை பழையதாகப் பழையதாகக் காரத்தன்மை ஏறி 9ஐயும் கடந்துவிடும். ஆகையால் மஞ்சள் கருவை வடிதாளின் மேல் உருட்டி, வெள்ளைக் கருவை முற்றிலும் ஒற்றியெடுத்தபின் மெல்லிய உறையைக் குத்தி வடித்தெடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே செய்முறையைப் பின்பற்றியும் வேறு வேறு விளைவைப் பெறுவதற்கு இந்த உருட்டுதலில் காட்டும் பொறுமையின் வேறுபாடே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. டிரிஸின் பி.எச். குளிரக் குளிர உயரும் இயல்புடையது என்பதையும் நினைவில் வையுங்கள். அறை வெப்பநிலையில் அளந்த எண் 5 டிகிரியில் அப்படியே இருப்பதில்லை. மூன்றையும் ஒரே வெப்பநிலையில் அளந்தால் ஒப்பீட்டுக்குக் குறை வராது.

பதில்: பதினேழு டிகிரி

ஒப்பீட்டின் அமைப்பைப் பற்றி ஒன்று. ஒரே கிடாவிடம் ஒரே முறை எடுத்த விந்தை மூன்றாகப் பங்கிட்டு மூன்று கரைசல்களிலும் இடுங்கள். இன்று எடுத்ததை ஒன்றிலும் நாளை எடுப்பதை மற்றொன்றிலும் இட்டால், நீங்கள் ஒப்பிடுவது கரைசலையா நாளையா என்பது யாருக்கும் விளங்காது. ஒரே கிடாவிடம் பத்து முறை எடுப்பதைவிட, ஐந்து கிடாக்களிடம் இரண்டு முறை எடுப்பது மேல். நொதி கிடாவுக்குக் கிடா மாறுகிறது என்று மேலே சொல்லப்பட்டதால் இது இன்னும் முக்கியம்.

மூன்று பங்குகளிலும் மில்லிலிட்டருக்கு அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். மிகுதியாக நீர்த்தாலே அணுக்கள் துடிப்பிழக்கும் என்பது பழைய செய்தி. கழுவிய பங்கில் அணுக்கள் குறைந்திருப்பதை எண்ணாமல் அதே கன அளவு கரைசலை ஊற்றிவிட்டால், நீர்ப்பின் விளைவைக் கழுவலின் மீது ஏற்றிவிடுவீர்கள்.

அசைவோடு இயோசின்-நிக்ரோசின் சாயமேற்றி உயிருள்ளவற்றையும் எண்ணுங்கள், அணுவின் தலையை மூடியிருக்கும் அக்ரோசோம் உறையையும் பாருங்கள். அன்றே பார்ப்பது போதாது. 24, 48, 72 மணி நேரங்களில் பார்க்க வேண்டும். உங்கள் கிடா விந்து முதல் நாளில் காளையை வென்றது என்பதை மறக்க வேண்டாம்.

பதில்: கன்றுக்கொட்டில்

சிறிய ஒரு சேர்க்கை. 5 டிகிரியில் எடுத்த துளியை நேரே கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் நலமான அணுவும் உறங்கிக் கிடக்கும். இறந்தது என்று எழுதிவிடுவீர்கள். துளியை 37 டிகிரியில் சில நிமிடம் வைத்திருந்து, தகட்டையும் மூடியையும் அதே வெப்பத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எஞ்சியதை 37 டிகிரியிலேயே மேலும் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து மறுபடியும் பார்த்தால், முதல் பார்வையில் சமமாகத் தெரிந்த கரைசல்கள் பிரிந்து நிற்பது தெரியும். குளிர வைப்பதையும் அவசரப்படுத்த வேண்டாம். குழாயை அறை வெப்பநிலை நீருள்ள குவளையில் நிறுத்தி, குவளையோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் வெப்பம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மெதுவாக இறங்கும்.

பதில்: பொலிகிடா

கிளிசரால் இல்லாத மூன்று கரைசல்களைத் தயாரித்துவிட்டேன், பி.எச். மூன்றிலும் 6.9. ஐந்து கிடாக்களிடமிருந்து இந்த வாரமே சேகரிப்பு தொடங்குகிறது. எந்தக் குழாயில் எந்தக் கரைசல் என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது என்பதால், குழாய்களுக்குக் குறியெழுத்து இடும் பொறுப்பை நுண்ணோக்கியின் அருகே வராத உடன் பணியாளர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். 72 மணி நேரக் கணக்கு முடிந்ததும் குறியெழுத்துகளைப் பிரித்து இங்கேயே எழுதுகிறேன்.